கை இடப்பக்கம், மூக்கு வலப்பக்கம்: பைலட் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானத்தின் இடது இருக்கையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் மாணவரிடம், 3,000 அடியில், "இப்ப நீ ஓட்டுப்பா, இடது பக்கம் திரும்பு" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே செய்கிறார்கள். யோக்கை, அதாவது ஸ்டீயரிங் போலக் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டை, இடப்பக்கம் திருப்புகிறார்கள். இறக்கை இடப்பக்கம் சாய்கிறது. மூக்கு மட்டும் ஒரு நொடி, ஒன்றரை நொடி வலப்பக்கம் விலகுகிறது. அதற்குப் பிறகுதான் இடப்பக்கம் வருகிறது. மாணவருக்கு இது தெரிவதே இல்லை. கண் டயல்களில் இருக்கும், கால் இரண்டும் தரையில் கிடக்கும்.

அந்த ஒன்றரை நொடி விலகலுக்கு அட்வர்ஸ் யா என்று பெயர். நாம் திரும்ப நினைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மூக்கு போவதால், இங்கே அதை எதிர்த்திருப்பம் என்றே எழுதுகிறேன். பரீட்சைக்கு இரண்டு வரியில் எழுதிவிடக்கூடிய சங்கதிதான். ஆனால் தரைக்கு அருகில், குறைந்த வேகத்தில், இதைக் காலால் உணரத் தெரியாதவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

விமானம் ஏறும் முன்

மூன்று அசைவுகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தலையாட்டும் விதத்திலேயே மூன்றும் இருக்கின்றன. "ஆமாம்" என்று மேலும் கீழும் ஆட்டினால் அது பிட்ச். "இல்லை" என்று இடமும் வலமுமாக ஆட்டினால் யா. "சரி சரி" என்று தலையைத் தோள்பக்கம் சாய்த்து ஆட்டுகிறோமே, அது ரோல். பிட்சுக்கு வால்பகுதியில் கிடைமட்டமாக இருக்கும் எலிவேட்டர். ரோலுக்கு இறக்கைகளின் பின்விளிம்பில், நுனிப் பக்கமாக இருக்கும் எய்லரான்கள். யாவுக்கு செங்குத்து வாலில் இருக்கும் ரட்டர், அதாவது சுக்கான். முதல் இரண்டும் கையில், மூன்றாவது காலில்.

இப்போது ஒரு கேள்வி: விமானத்தைத் திருப்புவது எது? "ரட்டர்" என்று பதில் சொன்னால், நீங்கள் இன்னும் படகிலோ காரிலோ இருக்கிறீர்கள். விமானத்தைத் திருப்புவது சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை. நேராகப் பறக்கும்போது இறக்கை மேல்நோக்கித் தூக்குகிறது. இறக்கையைச் சாய்த்தால் அந்த விசையும் சாய்கிறது. அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுத்து விமானத்தை வளைவில் கொண்டுபோகிறது. ரட்டரின் வேலை, மூக்கு அந்த வளைவின் வழியே ஒழுங்காகப் போகும்படி பார்த்துக்கொள்வது. இதை மனதில் பதித்துக்கொள்ளாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். பின்னால் சொல்லப்போகும் ஆபத்துக்கெல்லாம் இந்தக் குழப்பம்தான் வேர்.

அடுத்தது இறக்கை. சிறுவயதில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் திட்டு வாங்கியவர்களுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். உள்ளங்கையைத் தரைக்கு இணையாக வைத்தால் கை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் கை மேலே எழும், கூடவே பின்னாலும் தள்ளப்படும். மேலே எழுப்புவது தூக்குவிசை, பின்னால் தள்ளுவது இழுவை. இறக்கை எதிர்காற்றைச் சந்திக்கும் கோணம்தான் தாக்குகோணம். கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடும். ஏறத்தாழ 15, 16 டிகிரி தாண்டியதும் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சட்டென்று விழும். இதுதான் ஸ்டால். இன்ஜின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள், பயப்படாமல் இருப்பார்கள்.

தூக்குவிசை இலவசமாகக் கிடைப்பதில்லை. இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழே உள்ள காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஓடப் பார்க்கும். அதில் சுழல் உண்டாகும். அந்தச் சுழல் இறக்கையைக் கடக்கும் காற்றைக் கீழே வளைப்பதால், தூக்குவிசை கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்துவிடும். இப்படிப் பின்பக்கம் சாய்ந்த பங்குக்குத்தான் இண்டியூஸ்டு டிராக் என்று பெயர். இதில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எந்த இறக்கை அதிகம் தூக்குகிறதோ, அந்த இறக்கை அதிகம் இழுபடும்.

தேருக்கு முட்டு கொடுப்பது போல

தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. வடம் பிடிப்பவர்கள் நேராகத்தான் இழுக்கிறார்கள். முனையில் திருப்ப வேண்டுமென்றால், சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்து நடக்கும் ஆட்கள் ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள். வலப்பக்கச் சக்கரம் தயங்கினால் தேர் வலப்பக்கம் திரும்பும்.

இப்போது இடப்பக்கம் திரும்ப நினைத்து யோக்கை இடப்பக்கம் திருப்புகிறீர்கள். இடது எய்லரான் மேலே போகிறது, வலது எய்லரான் கீழே இறங்குகிறது. எய்லரான் இறங்கிய வலது இறக்கைக்குத் தூக்குவிசை கூடி, அது உயர்கிறது. நீங்கள் கேட்டது அதைத்தான். ஆனால் அதிகம் தூக்கும் இறக்கை அதிகம் இழுபடும் என்று பார்த்தோம். வலது இறக்கை தயங்குகிறது; வலது சக்கரத்துக்கு முட்டு விழுந்துவிட்டது. மூக்கு வலப்பக்கம் போகிறது.

பல இடங்களில் பாடம் இதோடு முடிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் படம் பாதிதான். இறக்கை உருண்டுகொண்டிருக்கும்போது வலது இறக்கை மேலே போய்க்கொண்டிருக்கிறது. அதற்குக் காற்று சற்று மேலிருந்து வருவதாகத் தெரியும். இடது இறக்கை கீழே இறங்குகிறது. அதற்குக் காற்று சற்றுக் கீழிருந்து வரும். தூக்குவிசை எப்போதும் எதிர்காற்றுக்குச் செங்குத்தாக நிற்கும். ஆகவே ஏறும் இறக்கையில் அது பின்னால் சாய்கிறது, இறங்கும் இறக்கையில் முன்னால் சாய்கிறது. வலது இறக்கை பின்னால், இடது இறக்கை முன்னால். மூக்கு மறுபடியும் வலப்பக்கம்தான்.

எவ்வளவு சாயும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஸ்னா 172-இன் இறக்கை நுனியிலிருந்து நுனி வரை சுமார் 11 மீட்டர். நடுவிலிருந்து நுனி வரை 5.5 மீட்டர். நொடிக்கு 20 டிகிரி உருண்டால் நுனி நொடிக்கு 1.9 மீட்டர் வேகத்தில் ஏறும் அல்லது இறங்கும். 60 நாட் என்பது நொடிக்குச் சுமார் 31 மீட்டர். அப்படியென்றால் நுனியில் காற்று வரும் திசை ஏறத்தாழ 3½ டிகிரி மாறுகிறது. 90 நாட் வேகத்தில் அதே உருளலுக்கு 2.4 டிகிரிதான். இண்டியூஸ்டு டிராக்கும் இதே பாதையில்தான் போகிறது: அதே எடையைச் சுமக்க 90 நாட்டில் ஆவதைவிட 60 நாட்டில் இரண்டேகால் மடங்கு ஆகும். வேகம் குறையக் குறைய எதிர்த்திருப்பம் வலுக்கும்; அதே சமயம் ரட்டரின் மேல் ஓடும் காற்று குறைவதால் கால் இன்னும் அதிகம் மிதிக்க வேண்டியிருக்கும். தரைக்கு அருகில், இறங்கப்போகும் நேரத்தில், நாம் பறப்பது மெதுவாகத்தான்.

இரண்டாவது காரணத்திலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். இறக்கை உருளும் வரைதான் எதிர்த்திருப்பம். சாய்வு நிலைத்து, யோக் நடுவுக்கு வந்ததும் அது ஏறக்குறைய மறைந்துவிடும். எனவே காலும் கையோடு போய், கையோடு திரும்ப வேண்டும்.

ரைட் சகோதரர்கள் பட்ட பாடு

இது உங்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆனால் வருத்தப்படாதீர்கள். வில்பர் ரைட்டுக்கும் ஆர்வில் ரைட்டுக்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 1901-இல் வட கரோலினாவின் கிட்டி ஹாக் அருகே கில் டெவில் ஹில்ஸ் மணல்மேடுகளில் அவர்கள் பறக்கவிட்ட கிளைடருக்கு வாலே கிடையாது. எய்லரானுக்குப் பதிலாக இறக்கையையே முறுக்கிச் சாய்த்தார்கள். உயர்ந்த இறக்கையின் பக்கமே கிளைடர் திரும்புவதைப் பார்த்து வில்பர் குழம்பிப்போனார். 1902-இல் பின்னால் அசையாத செங்குத்து வால் ஒன்றைப் பொருத்தினார்கள். பல தடவை சரியாக இருந்தது. சில தடவை, தாழ்ந்த இறக்கையை எழுப்பப் போனால் கிளைடர் அந்தப் பக்கமே சரிந்து சுழன்று, இறக்கை நுனி மணலில் குத்திக் குழி பறித்தது. அதற்குக் கிணறு வெட்டுவது என்றே அவர்கள் பேர் வைத்திருந்தார்கள்.

அந்த அக்டோபர் தொடக்கத்தில் தூக்கம் வராத ஓர் இரவில் ஆர்வில் காரணத்தை யோசித்துக் கண்டுபிடித்தார்: வாலை அசையும்படி செய்துவிடலாம். இறக்கையை முறுக்கும் கம்பியோடே வாலையும் இணைத்துவிட்டால் ஓட்டுபவருக்கு ஒரு வேலை குறையும் என்று வில்பர் சேர்த்துக்கொண்டார். 1903 டிசம்பர் 17 அன்று 12 நொடி பறந்த இயந்திரத்தில் இருந்தது இந்த ஏற்பாடுதான். 1906-இல் அவர்கள் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி இன்ஜின் அல்ல. சாய்வையும் திசையையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் இந்த வழிதான். 1905 இயந்திரத்தில் ரட்டரைப் பிரித்துத் தனிக் கட்டுப்பாடாக ஆக்கிக்கொண்டார்கள். எவ்வளவு ரட்டர் என்பது நேரத்துக்கு நேரம் மாறும் என்று அனுபவம் அவர்களுக்குச் சொல்லியிருந்தது. உங்கள் காலடியில் இருக்கும் பெடல்களின் வரலாறு இதுதான்.

பிறகு வந்த வடிவமைப்பாளர்கள் எதிர்த்திருப்பத்தைக் குறைக்கப் பல வழி செய்தார்கள். மேலே போகும் எய்லரானை அதிகமாகவும் கீழே இறங்குவதைக் குறைவாகவும் அசையவிடுவது ஒன்று. செஸ்னா 172-இல் மேலே 20 டிகிரி, கீழே 15 டிகிரி. மேலே போகும் எய்லரானின் மூக்கு இறக்கைக்கு அடியில் துருத்திக்கொண்டு, அந்தப் பக்கமும் இழுவை உண்டாக்கும்படி செய்வது இன்னொன்று. அதை வடிவமைத்த லெஸ்லி ஃப்ரைஸின் பெயரால் ஃப்ரைஸ் எய்லரான் என்பார்கள். 1940-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எர்கூப் என்ற சிறு விமானத்தில் ரட்டரையும் யோக்கையும் இணைத்துப் பெடலையே எடுத்துவிட்டார்கள். இத்தனை வந்தும் பயிற்சி விமானங்களில் எதிர்த்திருப்பம் போகவில்லை. குறைந்துதான் இருக்கிறது. காலை மறக்கவைப்பதும் அந்தக் குறைவுதான். நமக்கு முந்தைய தலைமுறை டைகர் மாத்திலும் புஷ்பக்கிலும் பறக்கக் கற்றது. அந்த விமானங்களில் கால் தூங்கினால் மூக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். செஸ்னா மன்னித்துவிடுகிறது. என் கணிப்பில் மாணவனுக்கு அது நல்லதல்ல.

இருக்கையிலிருந்து தொடங்குங்கள்

ரட்டர் சரியாக வராத மாணவர்களில் பலருக்குக் குறை இருக்கையில்தான் இருக்கிறது. பெடலைக் கடைசி வரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி இருக்கையை முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு உடம்பால் முன்னும் பின்னும் ஆட்டி, இருக்கையின் பூட்டு ஊசி ரயிலில் உள்ள துளையில் விழுந்து பூட்டிவிட்டதா என்று பாருங்கள். டேக் ஆஃபில் இருக்கை பின்னால் ஓடினால் யோக்கும் உங்கள் கையோடு பின்னால் வரும். அதை யாரும் அனுபவிக்க வேண்டாம்.

குதிகால் தரையில். பாதத்தின் முன்பகுதி பெடலின் கீழ்ப்பாதியில். மேல்பாதி பிரேக், காலை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு பறந்தால் இறங்கும்போது பிரேக் மிதித்தபடியே ஓடுபாதையைத் தொடுவீர்கள். தடித்த அடியுள்ள ஷூ வேண்டாம். கால்விரலுக்குப் பெடலின் எடை தெரிய வேண்டும்.

டாக்ஸி செய்யும்போதே, அதாவது தரையில் விமானத்தை ஓட்டிப்போகும்போதே, முதல் பாடம் தொடங்குகிறது. தரையில் யோக்கைத் திருப்பினால் விமானம் திரும்பாது, பெடல்தான் திருப்பும். முதல் நாள் எல்லோருக்கும் கைதான் ஓடும், கார் பழக்கம். மஞ்சள் கோட்டை முன்சக்கரம் விட்டு விலகாமல் காலாலேயே போய்ப் பழகுங்கள். காற்றுக்கு ஏற்ப எய்லரானை எப்படி வைப்பது என்று பிற்பாடு இன்ஸ்ட்ரக்டர் சொல்லித்தருவார்.

வானத்தில்: முதலில் தப்பாகச் செய்து பாருங்கள்

கீழே சொல்வதெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது, போதிய உயரத்தில், சுற்றிலும் வேறு விமானம் இல்லை என்று பார்த்த பிறகு.

90 நாட்டில் நேராகப் பறந்துகொண்டு, அடிவானத்தில் ஒரு குறி தேடுங்கள்: மலைமுகடு, தண்ணீர்த் தொட்டி, ஏரிக்கரையின் முனை, எதுவானாலும் சரி. அதை ப்ரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் கூம்பான ஸ்பின்னரோடு பொருத்தாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பது இடப்பக்கம். ஸ்பின்னர் நடுவில் இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே, இன்ஜினை மூடும் கவுலிங்கின் மேல் ஒரு ரிவெட்டையோ கோட்டையோ தேர்ந்தெடுத்துக்கொண்டு அதைக் குறியோடு பொருத்துங்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்யாதவர்களுக்கு இடது திருப்பம் ஒரு மாதிரியும் வலது திருப்பம் வேறு மாதிரியும் தெரியும்.

இப்போது பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் வையுங்கள். யோக்கை இடப்பக்கம் கொஞ்சம் விறுவிறுப்பாகத் திருப்புங்கள். டயலைப் பார்க்காதீர்கள். ரிவெட் குறியை விட்டு வலப்பக்கம் நழுவும். கண்ணால் பார்த்துவிட்டீர்கள், இனி மறக்காது. வலப்பக்கமும் செய்து பாருங்கள். பிறகு அதையே 60 நாட்டில். நழுவல் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பாருங்கள்.

அடுத்து, யோக் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் காலும் கூடவே. இடது யோக், இடது கால், ஒரே நேரத்தில். மூக்கு விலகிய பிறகு மிதித்துத் திருத்துவது அல்ல. சரியாகச் செய்தால், சாய்வு தொடங்கும் கணத்தில் ரிவெட் குறியிலேயே நிற்கும். சாய்வு நிலைக்க நிலைக்க மூக்கு தானாக இடப்பக்கம் நகரத் தொடங்கும். சாய்வு வந்ததும் யோக்கை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், காலையும் தளர்த்துங்கள். 30 டிகிரி சாய்வில் இறக்கை 1.15 மடங்கு எடையைச் சுமக்கிறது. யோக்கைச் சற்றுப் பின்னால் பிடித்தால் உயரம் நிற்கும்.

வெளியே வருவதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். இடது திருப்பத்திலிருந்து நேராக வர வலது யோக் கொடுக்கிறோம். இப்போது இடது இறக்கை எழும், மூக்கு இடப்பக்கமே இன்னும் இழுபடும். வலது கால் வேண்டும். 30 டிகிரி சாய்வில் இருந்தால், நினைத்த திசைக்கு 15 டிகிரி முன்பே எழத் தொடங்குங்கள்.

பந்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. திருப்பத்தைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டர் என்ற டயலின் அடியில், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள், திரவத்தில் ஒரு கருப்புப் பந்து உருள்கிறதே, அதுதான். பந்து எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கக் காலை மிதித்தால் நடுவுக்கு வரும். வலது திருப்பத்தில் பந்து வலப்பக்கம், அதாவது வளைவின் உள்பக்கம் விழுந்தால் ஸ்லிப், கால் போதவில்லை. வெளிப்பக்கம் போனால் ஸ்கிட், கால் அதிகம். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பஸ் நம்மை வெளிப்பக்கம் தள்ளுகிறதே, ஸ்கிட்டில் உடம்புக்கு அதுதான் தெரியும். ஒழுங்கான திருப்பத்தில் எந்தப் பக்கமும் தள்ளாது. பால் தூக்குவாளியைச் சுழற்றினாலும் பால் சிந்தாமல் வாளியின் அடியிலேயே அழுந்தி நிற்பது போல, நீங்களும் இருக்கையில் நேராக அழுந்தி இருப்பீர்கள்.

ஒரு மாணவன் பந்தையே வெறித்துக்கொண்டு பறப்பான். "சார், நான் மிதிச்சா அந்தப் பக்கம் ஓடுது, விட்டா இந்தப் பக்கம் ஓடுது" என்று புலம்பினான். ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து அந்தக் கருவியின் மேல் ஒட்டிவிட்டேன். "பந்து இனிமே உன் முதுகுல இருக்கு தம்பி. வெளிய பாரு." முதல் இரண்டு திருப்பமும் கோணல்தான். மூன்றாவதில் ரிவெட் அசையவில்லை. காகிதத்தை எடுத்துக் காட்டினேன். பந்து நடுவில் இருந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை, வலது தொடையை மட்டும் ஒரு தட்டு தட்டிக்கொண்டான். பந்து நடந்து முடிந்ததைச் சொல்லும் கருவி. ஜன்னல்தான் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும்.

கிளைடர்காரர்களிடம் இதைவிட எளிய கருவி இருக்கிறது: கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய ஒரு சாண் கம்பளி நூல். ஆனால் அதன் வால் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் காலை மிதிக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒரே குறியில் உருளும் பயிற்சி

என்னிடம் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் கொடுப்பேன். அடிவானத்தில் ஒரு குறி. 15 டிகிரி இடப்பக்கம் சாயுங்கள், நிற்காமல் நடுவைக் கடந்து 15 டிகிரி வலப்பக்கம், மறுபடி இடம். மூக்கு அந்தக் குறியிலேயே ஆணி அடித்தது போல் நிற்க வேண்டும். கை ஒரு தாளம், கால் அதே தாளம். டச் ரோல் பயிற்சி என்று பைலட்டுகள் சொல்வது இதைத்தான். விமானம் தானாக அலைபாயும் டச் ரோல் வேறு. முதல் நாள் மூக்கு எட்டுப் போடும். கால் தாமதமா, அதிகமா என்று அந்த எட்டே சொல்லிவிடும். நன்றாக வந்ததும் சாய்வை 30 ஆக்குங்கள், வேகத்தை 60-க்குக் குறையுங்கள். சார்ட்டியின், அதாவது பயிற்சிப் பறப்பின், தொடக்கத்தில் தினமும் இரண்டு நிமிடம் போதும்.

இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: இரண்டு காலுக்கும் வேலை சமமாக இல்லை. காக்பிட்டிலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றும் ப்ரொப்பெல்லர், அதிக பவரில், மூக்கு உயர்ந்திருக்கும்போது, மூக்கை இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஏறும்போது வலது கால் ஏற்கெனவே மிதித்தபடிதான் இருக்கும். அங்கிருந்து வலது திருப்பத்துக்கு இன்னும் நிறைய வலது கால். இடது திருப்பத்துக்கோ மிதித்திருக்கும் வலது காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே பல நேரம் போதும்.

"ஏர்லைனுக்குப் போனால் இதெல்லாம் எதுக்கு சார்?" என்ற கேள்வி வரும். உண்மைதான், ஏர்பஸ் 320 போன்ற விமானத்தில் திருப்பத்துக்கான ரட்டரைக் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும். ஆனால் குறுக்குக்காற்றில் இறங்கும்போதும் ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் அங்கேயும் கால்தான். அதற்கு முன் நம் நாட்டில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி சின்ன விமானத்தில்தான்.

ஸ்டாலுக்குப் பக்கத்தில்

ஸ்டால் பயிற்சியில் வலது இறக்கை விழுகிறது என்று வையுங்கள். கை உடனே யோக்கை இடப்பக்கம் திருப்பும். பிறவிக்குணம் போல வரும். அப்போது வலது எய்லரான் கீழே இறங்கி, ஏற்கெனவே எல்லையில் இருக்கும் அந்த இறக்கையின் தாக்குகோணத்தை இன்னும் கூட்டும். எழுவதற்குப் பதில் முழுதாக ஸ்டால் ஆகும். இழுவையும் கூடி மூக்கை வலப்பக்கம் இழுக்கும். ஸ்டாலும் சுழற்சியும் சேர்ந்தால் ஸ்பின். எதிர்த்திருப்பம் இங்கே தொந்தரவு அல்ல, எதிரி.

செய்ய வேண்டியது: முதலில் யோக்கை முன்னால் விட்டுத் தாக்குகோணத்தைக் குறையுங்கள். அதோடு இடது காலால் மூக்கு சுழல்வதை நிறுத்துங்கள். இறக்கை மறுபடி பறக்கத் தொடங்கிய பிறகு எய்லரானால் நேராக்குங்கள். ஸ்பின்னுக்குள்ளேயே போய்விட்டால், உங்கள் விமானத்தின் கையேடு சொல்லும் வரிசைதான் வேதம். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் அது பவரைக் குறை, எய்லரான் நடுவில், சுழலுக்கு எதிர்ப்பக்க ரட்டர் முழுதாக, பிறகு யோக் முன்னால் என்றுதான் போகும். சுழல் நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, மூக்கை மெதுவாக எடுங்கள்.

பேஸிலிருந்து ஃபைனலுக்கு

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் இந்த ஒரு திருப்பத்துக்காகத்தான். இறங்கும் முன் ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வகமாகப் பறக்கும் பாதைதான் சர்க்யூட். அதில் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போவது டவுன்விண்ட், அங்கிருந்து திரும்பிக் குறுக்காக வருவது பேஸ், ஓடுபாதைக்கு நேராக இறங்கி வருவது ஃபைனல். இப்போது இடது சர்க்யூட். சுமார் 500 அடி. பேஸில் காற்று முதுகுப்பக்கமிருந்து தள்ளுகிறது, அதனால் ஓடுபாதையின் நடுக்கோட்டைத் தாண்டிப் போகப் போகிறீர்கள். தரை இவ்வளவு கிட்டே இருக்கையில் அதிகம் சாயப் பயமாக இருக்கிறது. ஆகவே சாய்வைக் கூட்டாமல் இடது காலை மிதித்து மூக்கை ஓடுபாதைப் பக்கம் தள்ளுகிறீர்கள். மூக்கு வருகிறது. ஆனால் வலது இறக்கை வேகமாகச் சுற்றுவதால் தூக்குவிசை கூடி, நீங்கள் பயந்த சாய்வு தானாகவே கூடுகிறது. அதைத் தடுக்க வலது யோக். இடது எய்லரான் இறங்குகிறது. தாழ்ந்திருக்கும் இடது இறக்கையின் தாக்குகோணம் கூடுகிறது, இழுவையும் கூடி மூக்கை இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது. மூக்கு தாழ்கிறது, தரை தெரிகிறது, யோக்கைப் பின்னால் இழுக்கிறீர்கள். இடது இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் அந்தப் பக்கமே கவிழ்கிறது. ஒவ்வொரு அசைவும் அந்தக் கணத்துக்கு நியாயமாகத்தான் தோன்றியிருக்கும்.

சாய்வைக் கூட்டித் திரும்பிவிடலாமே என்றால் அதற்கும் விலை உண்டு. 45 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடும். நேராகப் பறக்கையில் 48 நாட் என்றால் அது 57 ஆகும். 60 டிகிரியில் 41 சதவீதம் கூடி 68-க்கு வந்துவிடும். ஃபைனலில் நாம் வருவதே 65 நாட் வாக்கில்.

அதனால் சர்க்யூட்டில் என் மாணவர்களுக்கு ஒரே கட்டுப்பாடு: சாய்வு 30-ஐத் தாண்டக்கூடாது, பந்து நடுவில் இருக்க வேண்டும், அப்படியும் நடுக்கோடு கிடைக்கவில்லையென்றால் பவரைக் கொடுத்து கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வருவது. கேள்வி கிடையாது, விளக்கம் கேட்கமாட்டேன். முதுகுக்காற்று என்று டவுன்விண்டிலேயே தெரிந்தால் பேஸைத் தள்ளிப் போடுங்கள், ஃபைனல் திருப்பத்தை முன்பே தொடங்குங்கள்.

முதன்முதலாகத் தனியாகப் பறக்கும் சோலோவுக்கு முன், ஸ்பின்னுக்கு அனுமதியுள்ள விமானத்தில், எடை வரம்புக்குள், ஸ்பின் கற்றுத்தரத் தகுதியுள்ள இன்ஸ்ட்ரக்டரோடு, நல்ல உயரத்தில் இந்தத் தவறான திருப்பத்தை ஒரு தடவை செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். தொடங்கும்போது உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் இருந்த எண்ணையும், விமானம் மீண்டு நேரான பிறகு இருக்கும் எண்ணையும் முழங்கால் பலகையில் எழுதுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, பக்கத்தில் 500 என்று எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை லாக்புக்கிலேயே வைத்திருங்கள்.